எண்ணினர், கேட்டனரா?

"படம் பார்ப்பவன் பாமரன். திரையிலே கண்டதை நம்புவான். திரையிலே கண்டவனைத் தொழுவான். அவனுக்கு வேறென்ன தெரியும்?"

சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டிக்குத் திரும்பும் பேருந்திலே, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் உதிர்த்த வாசகம் இது. படித்தவர்தாம்; பண்புள்ளவரும்கூட. கடிந்துரைக்கவில்லை அவர், காலை வெயில் கடுமை என்று சொல்வதைப்போல, கண்கூடான உண்மையைச் சொல்லுகிறோம் என்ற நினைப்பிலேதான் சொன்னார். நாம் மறுத்துரைக்கவில்லை. மறுப்பதற்குச் சான்று நம் கையிலே இல்லை. ஆனால், மற்றொரு கேள்வி மனத்திலே முளைத்தது: இதை உறுதியாகச் சொல்ல அவர் கையிலே மட்டும் என்ன சான்று இருந்தது? பாமரனை யார், எப்போது, எப்படிக் கேட்டறிந்தார்கள்?

இவ்வூரிலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பணி நமக்கு. நம் மாணவர்களின் பெற்றோரிலே பெரும்பாலோர் பயராபீசிலே மருந்து செலுத்துவோர், திரி வெட்டுவோர், சரம் பின்னுவோர். ஆண்டு முழுதும் அவர்கள் கரி படிந்த விரல்களால் உருவாக்குவது ஒரே ஒரு நாளின் கொண்டாட்டத்தை. அந்தத் தீபாவளித் திருநாளை நம்பித்தான் படவுலகமும் தன் பெரும் படங்களை வெளியிட்டு வந்திருக்கிறது. 1944இன் தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையிலே மூன்று தீபாவளிகளைக் கண்டது. 1952இன் தீபாவளிக்கு வந்தது 'பராசக்தி'. வெடி செய்பவரும் இவர்களே. வெளியான படத்துக்கு வரிசையிலே நிற்பவரும் இவர்களே. எனவே, இவர்களைப் பற்றி இதுவரை ஆராய்ந்தோர் யார், அறிந்தது என்ன என்று வரலாற்று ஏடுகளைப் புரட்டினோம். கண்டதை வாசகத் தோழர்முன் வைக்கின்றோம்.

படம் பார்ப்போரை ஆராயும் முயற்சி மேலைநாட்டிலே முளைத்தது. செர்மனியிலே, ஐடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற எமிலி ஆல்டென்லோ என்னும் இளம்பெண், மான்ஐம் நகரத்தின் மக்களிடம் கேள்வித்தாள்களைக் கொடுத்தார். எப்போது படம் பார்க்கச் செல்கிறீர், யாருடன் செல்கிறீர், எத்தகைய படம் பிடிக்கிறது என்று ஏறத்தாழ 2,400 பேரிடம் விடை பெற்றார். தொழிலாளி, கடைப்பணியாள், சிறுவன், இல்லத்தரசி என ஒவ்வொரு பிரிவினரும் வெவ்வேறு காரணத்துக்காகப் படக்கொட்டகைக்குச் செல்கின்றனர் என்று 1914இல் நூலாக வெளியிட்டார். கூட்டம் என்பது ஒற்றை விலங்கன்று. அதற்குள்ளே தனித்தனி மனிதர் உளர் — இதுதான் அந்த நூல் காட்டிய உண்மை. முதல் ஆராய்ச்சியே இத்துணைத் தெளிவுடன் தொடங்கியது! ஆனால், அந்தத் தெளிவு தொடர்ந்ததா? இல்லை. அடுத்து வந்தது அச்சம்.

அமெரிக்காவிலே 1929 முதல் 1932 வரை, பெய்ன் நிதி என்னும் அறக்கட்டளையின் பொருளுதவியால், உளவியலாரும் சமூகவியலாரும் கூடிச் சிறுவர்கள்மீது படத்தின் விளைவை அளந்தனர். உறக்கத்தைக்கூட அளந்தனர், நாடித்துடிப்பையும் அளந்தனர். 1933 முதல் அவ்வாய்வுகள் நூல்களாக வந்தன. ஆய்வாளர் எழுதியது நிதானமானதாயினும், மக்களிடையே பரவியது ஒரே ஒரு செய்தி: படம் பிள்ளைகளைக் கெடுக்கிறது! அச்சத்தோடு தேடினால் அச்சுறுத்துவதே கண்ணில் படும்.

அந்த அச்சம் நம் நாட்டுக்கு வேறு வேடத்தில் வந்தது. இங்கே அஞ்சியவர் பெற்றோரல்லர், ஆட்சியாளர். ஊமைப்படக் காலம் அது. கொட்டகைகளிலே ஓடியவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கப் படங்கள். வெள்ளைக்காரன் திரையிலே குடிப்பதையும் கொள்ளையடிப்பதையும் கறுப்பன் கண்டால், கோட்டையிலே கொலுவிருக்கும் வெள்ளைக்காரனை அவன் மதிப்பானா? கவலை அதுதான். அதனுள்ளே வணிக நோக்கமும் ஒளிந்திருந்தது: அமெரிக்கப் படத்தை அகற்றி, ஆங்கிலப் படத்தை அமர்த்த வேண்டும்!

1927இல் இந்தியச் சினிமாக் குழு அமைந்தது. தலைவர், சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அவரையும் சேர்த்து இந்தியர் மூவர், ஆங்கிலேயர் மூவர். அக்குழு அனுப்பிய கேள்வித்தாள்கள் 4,325. எழுத்திலே வந்த விடைகள் 320. அதாவது நூற்றுக்கு எட்டுப் பேர்கூட விடையளிக்கவில்லை. நேரில் உசாவப்பட்ட சாட்சிகள் 353 பேர். பெருநகரம் பலவற்றுக்குச் சென்று, படமுதலாளி, தணிக்கையாளர், கல்வியாளர், அதிகாரி, பொதுவாழ்வில் புகழ்பெற்றோர் எனப் பலரைக் கேட்டது அக்குழு. காந்தியடிகளுக்கும் கேள்வித்தாள் சென்றது. தாம் படக்கொட்டகைக்குச் சென்றதே இல்லை என்றும், படத்தால் விளையும் தீமை கண்கூடு என்றும் அவர் விடை விடுத்தார். சென்றதில்லை, ஆனால் தீமையென்று தெரியும்! அண்ணலின் மற்றப் பெருமைகளை மறவாமலே சொல்கின்றோம்: படத்தைப் பற்றியும் பார்ப்பவரைப் பற்றியும் இந்நாட்டுப் பெரியோர் பலர் பேசிவந்த முறைக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1928இல் அறிக்கை வந்தது. அமெரிக்கப் படத்தால் கேடு என்ற கூக்குரல் மிகைப்படுத்தப்பட்டது என்றது. அமெரிக்கப் படம் மிகுவது தீங்கென்றால், பிற மேலைநாட்டுப் படம் மிகுவதும் அதே தீங்குதான் என்று ஆட்சியாளரின் எண்ணத்துக்கே ஆப்பு வைத்தது. உள்நாட்டுப் படத்தொழிலுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்றது. ஆங்கில உறுப்பினர் மூவரும் மாறுபட்டு எழுதினர். அறிக்கை அலமாரி புகுந்தது!

ரங்காச்சாரியார் குழுவின் நெஞ்சுரத்தைப் பாராட்டுகின்றோம். சாட்சியங்களை ஏடுகளாக அச்சிட்டு வைத்ததால்தான் அக்கால நிலையை இன்று நாம் அறிகின்றோம். ஆயினும் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலாது. ஆங்கிலத்தில் அச்சிட்ட கேள்வித்தாள் எவர் வீட்டு வாயிலுக்குச் செல்லும்? தரைச்சீட்டு வாங்கிய தறித்தொழிலாளியின் குடிசைக்கா? அவனைப் பற்றிச் சாட்சிகள் ஏராளமாகப் பேசினர். அவனே சாட்சியாக அழைக்கப்படவில்லை. வழக்கு அவன்மீது, வாக்குமூலம் பிறருடையது!

அதே காலத்தில் அவனை அக்கறையோடு அறிந்து வைத்திருந்தவன் ஒருவன் உண்டு. அவன்தான் கொட்டகைக்காரன். 1905இல் திருச்சியிலே இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். எந்த ஊரிலே எந்தப் படத்துக்குக் கூட்டம் சேர்கிறது, எந்தக் காட்சியிலே கைதட்டுகின்றனர் என்பதைக் கண்ணால் கண்டு அறிந்தவர்கள் அவரும் அவருக்குப் பின்வந்த கூடாரக்காரர்களும். பட்டம் பெறாத ஆராய்ச்சியாளர் அவர்கள்! 1931இல் 'காளிதாஸ்' பேசத் தொடங்கிய பின்னர், டூரிங் கொட்டகைகள் சிற்றூர்களின் பொட்டல்வெளிகளை எட்டின. 1939இலே சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச்சட்டம் வந்தது. வரிக்காக அரசு சீட்டை எண்ணியது. பங்குக்காக விநியோகஸ்தர் அனுப்பிய 'ரெப்' சீட்டை எண்ணினார். நாள்தோறும் வசூல் கணக்கு எழுதப்பட்டது. இவ்வாறு, பெயர் கேட்கப்படாமலே பாமரன் எண்ணிக்கை ஆனான்.

எண்ணிக்கை வந்தால் தரவரிசை வராதிருக்குமா? படவணிகர் தமிழகத்தை வட்டாரங்களாகப் பகுத்தனர். நம் ஊர் அடங்கியது மதுரை – இராமநாதபுரம் வட்டாரம். 1985இல் இராமநாதபுரத்திலிருந்து நம் மாவட்டம் பிரிந்தது. படவணிகரின் வழக்கிலே பழைய பெயர் பிரியவில்லை. பின்னர் ஊர்களையும் 'ஏ சென்டர்', 'பி சென்டர்', 'சி சென்டர்' என்று முத்திரை குத்தினர். பெருநகரம் ஏ, நடுத்தர நகரம் பி, எம். புதுப்பட்டி போன்ற ஊர்கள் சி. படம் எப்போது வந்து சேரும் என்பதைக் காட்ட எழுந்த வணிகக் குறியீடுதான் அது. நகரத்தில் ஓடித் தேய்ந்த படச்சுருள் கடைசியாகத்தான் இங்கே வரும். ஆனால், காலத்தைக் குறித்த எழுத்து, கருத்தைக் குறிப்பதாக மாறிற்று. 'சி சென்டர் இரசனை' என்றனர். சண்டை வேண்டும், கூச்சல் வேண்டும், சிந்தனை வேண்டா — அதுவே சி என்றனர். கடைசியில் வந்தது படச்சுருள். கடைப்பட்டவர் என்று பெயர் பெற்றவர் மக்கள்! பிறப்பால் தரம் பிரித்த நாட்டிலே, இருப்பிடத்தால் தரம் பிரிப்பது எளிதாகவே ஒட்டிக்கொண்டது.

விடுதலைக்குப் பின்னர், 1949இல் எஸ்.கே. பாட்டீல் தலைமையில் படத்தொழில் விசாரணைக் குழு அமைந்து, 1951இல் அறிக்கை தந்தது. படத்துக்கு நிதி வழங்கும் அமைப்பும் பயிற்சிக் கூடமும் வேண்டும் என்றது. இரண்டும் 1960இல் வந்தன. தொழிலுக்கு நன்மை விளைந்தது, மகிழ்ச்சி. பார்ப்பவர் யார் என்ற கேள்வியோ மீண்டும் பின்வரிசையிலேயே நின்றது.

அந்தக் கேள்வியை முன்வரிசைக்கு இழுத்து வந்தது தேர்தல் மேடை. அதிலும், நம் மாவட்டத்து மேடை! 1967 சனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்திலே கட்டுடன் அவர் படுத்திருந்த படம் சுவரொட்டியாகத் தமிழகமெங்கும் ஒட்டப்பட்டது. பிப்ரவரித் தேர்தலில் மருத்துவமனையில் இருந்தபடியே அவர் பரங்கிமலையில் வென்றார். விருதுநகரிலே, பெருந்தலைவர் காமராசரை, மாணவர் தலைவராக விளங்கிய பெ. சீனிவாசன் 1,285 வாக்கு வேறுபாட்டில் வென்றார். உலகம் வியந்தது. "சினிமா வென்றது, மக்கள் மயங்கினர்" என்று எளிதாகச் சொல்லிவிட்டனர் பலர்.

மயக்கமா அது? 1965இன் மொழிப்போர் எங்கே போயிற்று? அரிசிக்கு அலைந்த துயரம் எங்கே போயிற்று? இருபதாண்டு ஆட்சியின்மீது எழுந்த சலிப்பு எங்கே போயிற்று? திரைமுகம் ஒன்றே வாக்கைக் குவிக்குமென்றால், நடிப்பின் சிகரமெனப் போற்றப்பட்ட சிவாசி கணேசன் 1989இல் திருவையாற்றில் தோற்றது எவ்வாறு? 1977இல் அருப்புக்கோட்டை மக்கள் எம்.ஜி.ஆரைத் தேர்ந்தெடுத்தனர், அவர் முதலமைச்சரானார். அதே மக்கள் திரையில் கண்ட மற்ற நடிகர் அத்தனை பேரையும் தேர்ந்தெடுத்துவிடவில்லையே! முகம் மட்டும் போதாது. முகத்தின் பின்னே இயக்கமும் வேண்டும், காலத்தின் தேவையும் வேண்டும். இதை நாம் இன்று சொல்லுகின்றோம். ஆராய்ந்து சொல்லவோ அறிஞர்களுக்கும் சில காலம் பிடித்தது.

இராபர்ட் ஆர்ட்கிரேவ் என்ற அமெரிக்க அறிஞரை இங்கே குறிப்பிட வேண்டும். நம் மண்ணோடு தொடர்புடையவர். தமிழகத்து நாடார் சமூகத்தின் எழுச்சியை — விருதுநகரும் சிவகாசியும் இடம்பெறும் வரலாற்றை — 1969இல் நூலாக எழுதியவர். அவரே பின்னர்ப் படத்துக்கும் அரசியலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1973இலும் 1975இலும் கட்டுரைகள் வெளியிட்டார். ஒரு சமூகத்தின் உழைப்பையும் உரிமைப் போரையும் கண்டவருக்கு, அடுத்து அம்மக்கள் பார்க்கும் படமும் ஆராயத் தக்க பொருளாகவே பட்டது.

1981இலே இரண்டு நூல்கள் வந்தன. ஒன்று, தியடோர் பாஸ்கரன் எழுதியது. விடுதலைப் போர்க்காலத்தில் நாடகமும் படமும் கருத்தைச் சுமந்த கதையை ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்தது. மற்றொன்று, ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதியது. அளவிலே சிறியது, கருத்திலே பெரியது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலையைக் கண்ட முதல் இடம் படக்கொட்டகையே என்றார் அவர். கோயில் மண்டபத்திலே கூடாதவர், சபா மாளிகையிலே சேராதவர், கொட்டகையிலே கூடினர். இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, கையிலிருந்த காசு. காசும் ஒரு வேலிதான் என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம். ஆனால், பிறந்த வேலியைத் தாண்ட முடியாது. காசு வேலியைச் சனிக்கிழமைச் சம்பளத்திலே ஒருநாளாவது தாண்டலாம்!

1992இல் எம்.எஸ்.எஸ். பாண்டியன், எம்.ஜி.ஆரின் பிம்பத்தைப் பற்றிய நூலிலே கடுமையான வினாவை எழுப்பினார்: ஏழைகள்மீது சுமை ஏறிய ஆட்சியை ஏழைகளே ஏன் விரும்பினர்? திரையிலே கட்டப்பட்ட பிம்பம் எவ்வாறு இசைவைப் பெற்றுத் தந்தது என்று அடுக்கடுக்காக விளக்கினார். அஞ்சாது கேட்கப்பட்ட கேள்வி அது, தேவையான கேள்வியும்கூட. எனினும், அதிலே பிம்பத்தின் இலக்கணம் ஒலிக்கும் அளவுக்குப் பார்த்தவரின் குரல் ஒலிக்கவில்லை என்பது நம் தாழ்மையான கருத்து. அடுத்த ஆண்டு வந்த சாரா டிக்கியின் நூல் அக்குறையை ஓரளவு தீர்த்தது. 1980களின் நடுவிலே மதுரையின் ஏழையர் வாழும் தெருக்களில் அவர் தங்கினார். அவர்களோடு படம் பார்த்தார். பார்த்தபின் என்ன பேசுகின்றனர் என்று கேட்டார். கதை வேறு, வாழ்வு வேறு என்பதை அவர்கள் நன்கறிவர். அறிந்தே, சற்றுநேரம் இளைப்பாற அங்கே செல்கின்றனர் என்பது அவர் கேட்டறிந்த உண்மைகளிலே ஒன்று. ஊமைப்படக் காலத்துத் தென்னாட்டுப் பார்வையாளரைத் தேடி ஸ்டீபன் இயூசு 1996இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்தார். அதன் தலைப்பே ஒரு வினா: அங்கே யாரேனும் இருக்கின்றனரா? ஆம், இருந்தனர். இருட்டிலே இருந்ததால் எவர் கண்ணிலும் படவில்லை!

ஏடுகளை மூடிவைத்து, எழுந்து நடந்தோம். நம் தெருவிலேயே ஒரு பாட்டி இருக்கிறார். சிறுமியாக இருந்தபோது தீப்பெட்டி ஆபீசிலே கட்டை அடுக்கியவர். "பாட்டி, டூரிங் கொட்டகைக்குப் போனதுண்டா?" என்று கேட்டோம். சுருக்கம் விழுந்த முகம் மலர்ந்தது.

"போகாமயா தம்பி? கட்ட அடுக்குன காசுல தர டிக்கெட்டு எடுப்போம். மணலக் குமிச்சு மேல ஏறி உக்காருவோம். மறைக்குதுன்னு பின்னால கத்துவாங்க. ஆனா, நீ யாரு, எந்தத் தெருன்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

சிவத்தம்பியின் நூலை அந்தப் பாட்டி படித்ததில்லை, எழுத்தே அறியாதவர். ஆனால், பேராசிரியர் கண்ட முடிவை மணல்மேட்டிலே அமர்ந்து அவர் வாழ்ந்து கண்டிருக்கிறார்.

"படத்திலே கெட்ட எசமான் கடைசியிலே திருந்துவாரே, அதை நம்பினீர்களா?" என்றோம். பாட்டி நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது படம் தம்பி. எங்க மொதலாளி திருந்த மாட்டாருன்னு எங்களுக்குத் தெரியாதா? திருந்துனா எப்படி இருக்கும்னு பாக்கத்தான் போறது. அப்புறம், வீட்டுல நின்னு அழ எடமேது? அங்க இருட்டுல அழுதுக்கிடலாம். படத்துக்கு அழுவுறான்னு நெனச்சுக்கிடுவாக."

தோழர்களே, இந்தச் சொற்களைக் கேட்டபின் நமக்குப் பேச்சு எழவில்லை. நம்பியவரா இவர்? மயங்கியவரா இவர்? நடக்காது என்று தெரிந்தே, நடந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தவர். அந்த எண்ணம்தானே சீர்திருத்தத்தின் விதை! தன் துயரத்துக்கு அழ இடமின்றி, கதைத் துயரத்தின் திரைக்குப் பின்னே நின்று அழுதவர். எந்த வசூல் கணக்கு இந்தக் கண்ணீரை எழுதிற்று? எந்தக் கேள்வித்தாளிலே இதற்கு இடம் இருந்தது?

இன்று டூரிங் கொட்டகைகள் ஏறத்தாழ மறைந்துவிட்டன. சீட்டு இணையவழியே விற்கிறது. விற்கும்போதே கணக்கு ஏறுகிறது. 1940இலே கேலப் என்பவர் அமெரிக்காவில் படமுதலாளிகளுக்காகத் தொடங்கிய மக்கள் விருப்பக் கணிப்பு, இன்று நம் நாட்டிலும் வேரூன்றிவிட்டது. 2008இல் தோன்றிய மும்பையின் ஆர்மாக்ஸ் மீடியா போன்ற நிறுவனங்கள், படம் வெளிவருமுன்பே அதற்கு எத்துணை வரவேற்பு இருக்கும் என்று அளக்கின்றன. நம் மாணவர் கையிலிருக்கும் பேசியோ, எந்தக் காட்சியை எத்தனை நொடி பார்த்தார் என்பதையும் குறித்துக்கொள்கிறது. சிவகாசி அச்சகத்தாருக்கும் இக்கலை புதிதன்று. எந்த முகத்தை அட்டையிலே அச்சிட்டால் வெடிப்பெட்டி விற்கும், எந்தப் படத்தைப் போட்டால் நாட்காட்டி போகும் என்று கணித்தவர்கள்தாமே! அளவைகள் பெருகின, நுணுகின. பழிக்கவில்லை நாம். விற்பவனுக்கு அளவை வேண்டும். ஆனால், விற்பவனின் அளவையே அறிவின் அளவையாகிவிடக் கூடாது. எத்தனை பேர் பார்த்தனர் என்பது வணிகம். ஏன் பார்த்தனர், பார்த்தபின் என்னவாயினர் என்பது வரலாறு.

அந்த வரலாறு பல்கலைக்கழகத்திலே மட்டும் எழுதப்பட வேண்டியதன்று. மணல்மேட்டிலே அமர்ந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்களோடு அவர்களின் சாட்சியமும் மறைகிறது. ஊர்தோறும் ஆசிரியர் உண்டு. ஆசிரியரிடம் மாணவர் உண்டு. மாணவர் வீட்டிலே பாட்டன் பாட்டியர் உண்டு. படத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது? யாருடன் போனீர்கள்? எங்கே உட்கார்ந்தீர்கள்? எதற்கு அழுதீர்கள்? திரும்பும் வழியிலே என்ன பேசினீர்கள்? இந்த ஐந்து கேள்விகளை ஒரு குறிப்பேட்டிலே எழுதி, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே குறித்து வரச் சொல்லி நம் மாணவர்களை அனுப்பியிருக்கின்றோம். முதல் வாரம் வந்த குறிப்பேடுகள் மேசைமேல் இருக்கின்றன. எழுத்துப் பிழைகள் ஏராளம். திருத்தச் சிவப்பு மையை எடுத்தோம், பின்னர் வைத்துவிட்டோம். முதன்முதலாகச் சாட்சிக் கூண்டேறுவோரை, இலக்கணம் கேட்டு இறக்கிவிடலாமா?

அந்தப் பேருந்துப் பெரியவரை மீண்டும் காண நேர்ந்தால், வாதிட மாட்டோம். குறிப்பேடு ஒன்றை அவர் கையிலே கொடுப்போம். "ஐயா, பாமரருக்கு என்ன தெரியும் என்று கேட்டீர்களே! நாங்கள் அவர்களையே கேட்டோம். படித்துப் பாருங்கள்" என்போம்.